திங்கட்கிழமை காலையில் நாட்டை விட்டுப் போன வான்

போன மாதம் ஒரு காலை கௌசல்யா தொலைபேசியில் கூப்பிட்டார். துறைமுக வீதிக் கந்தோரில் என் பழைய கதிரையில் இப்போது இருப்பவர் அவர்தான். மட்டக்களப்பில் ஒரு குடும்பம் தங்கள் ஜீப்பைக் கப்பலில் இந்தியாவுக்கு ஏற்றி, அங்கிருந்து நேபாளம், அதற்கப்பால் எங்கெங்கோ எல்லாம் ஓடப் போகிறார்களாம். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடி முற்றத்தில் நடக்கத் தொடங்கிவிட்டேன். இளைப்பாறிச் சில வருடங்கள் ஆகியும் இந்த நடை என்னை விட்டுப் போகவில்லை. இருந்து கதைத்தால் என்ன குறைந்துவிடும் என்று மனைவி குசினிக்குள் இருந்து வழக்கம்போலக் கேட்டாள்.

இனி எல்லை தாண்டுகிற வாகனத்தின் புத்தகமே தாளில் வராதாம், எல்லாம் கைத்தொலைபேசிக்குள் போகப் போகிறதாம், முத்திரை குத்துகிற வேலையே இருக்காதாம் என்றும் கௌசல்யா சொன்னார். அப்படியானால் நான் விட்ட பிழையை இனி ஒருவரும் விட முடியாது. நல்ல செய்திதான். ஆனாலும் அந்தப் பிழை எப்படி நடந்தது என்பதை எழுதாமல் விட எனக்கு மனம் கேட்கவில்லை.

நான் கட்டைபறிச்சான்காரன். மூதூரில் லாஞ்சி ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து திருகோணமலைக்கு வேலைக்கு வந்தவன். சில வருடம் கோப்புச் சுமந்தேன், சில வருடம் தட்டெழுத்து அடித்தேன், பிறகு பரீட்சை எழுதித் துறைமுகத்துக்குள் போய்வரும் அனுமதி அட்டையைப் பெற்று வாப் கிளாக்கர் ஆனேன். கப்பல்காரனுக்கும் சுங்கத்துக்கும் சரக்குக்காரனுக்கும் நடுவில் காகிதக் கட்டோடு ஓடுகிறவனுக்குத்தான் அந்தப் பெயர். ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியாத எனக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. கோதுமையும் சீமெந்தும் புல்மோட்டை மணலுமாக முப்பது வருடம் ஓடியது.

எங்கள் கந்தோரை நடத்தியவர் ராஜேஸ்வரி மிஸ். என்னைவிட ஆறு வயது இளையவர். அவர் காகிதம் வாசிக்கும் விதமே வேறு. யன்னலோரம் நின்றபடி, கடைசித் தாளில் தொடங்கி முதல் தாளுக்கு வருவார். சரக்கு போய்ச் சேருகிற இடத்தில் சரியாக இருந்தால்தான் வெளிக்கிடுகிற இடத்தைப் பார்த்துப் பயன் என்பது அவருடைய எண்ணம். பிழை கண்டால் வாய் திறக்கமாட்டார். பென்சிலால் ஓரத்தில் ஒரு சிறு புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். என்ன பிழை என்று நாம்தான் மண்டையை உடைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஏசினால் இரண்டு நாளில் ஆறிவிடும், அந்தப் புள்ளி ஆறாது. ஒருமுறை ஒரு எஞ்சின் இலக்கத்தில் ஒரு எண் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு மத்தியானச் சாப்பாடே போய்விட்டது.

தவராசா அண்ணை கந்தோருக்குள் வந்தது, பெருந்தொற்றுக்கு ஓரிரு வருடம் முந்தி. நிலாவெளிக்காரர், சண்டைக்காலத்தில் ஓடிப்போய்ச் சுவிசில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர், அங்கே பஸ் ஓட்டியவர். இளைப்பாறியதும் ஒரு வெள்ளை வான் வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் பூட்டி, மனைவி புவனா அக்காவையும் ஏற்றிக்கொண்டு துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா என்று ஓடி, தூத்துக்குடியில் வானைக் கப்பலேற்றி ஊருக்கு வந்துவிட்டார். நிலாவெளியில் அக்காவின் தங்கச்சி வீட்டில் இருவரும் தங்கியிருந்தார்கள். வந்த வழியாலேயே திரும்பிப் போய்ச் சேர்ந்தால்தான் பயணம் முழுமையாகும் என்பது அண்ணையின் பிடிவாதம். இப்போது அந்த வழியில் ஓர் எல்லை பூட்டிக் கிடக்கிறது. அன்றைக்குத் திறந்திருந்தது.

இப்படி நாடு நாடாகப் போகிற வாகனத்துக்கு ஒரு புத்தகம் உண்டு. வெளிநாட்டுக்காரர் அதைக் கார்னே என்பார்கள், நாங்கள் வண்டிப் பாஸ்போட் என்போம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள். அந்தத் தாளில் உள்ளே வரும்போது ஒரு துண்டு கிழிப்பார்கள், வெளியே போகும்போது இன்னொன்று. அடிக்கட்டையில் இரண்டு முத்திரையும் விழுந்திருந்தால் வாகனம் ஒழுங்காக வந்து ஒழுங்காகப் போயிற்று என்று அர்த்தம். போகும் முத்திரை எப்போது விழவேண்டும் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. வாகனம் கப்பலில் ஏறிய பிறகுதான்.

மிஸ் வாசிப்பது போலவே நானும் அந்தப் பயணத்தைக் கடைசியில் இருந்து போட்டேன். கிழக்குத் துருக்கி மலையில் பனி கொட்ட முன் வான் அதைத் தாண்ட வேண்டும். அதற்கு ஈரானுக்குள் இன்ன நாளைக்குள் நுழைய வேண்டும். அதற்குப் பாகிஸ்தான் விசா முடிய முன் குவெட்டாப் பாதையைக் கடக்க வேண்டும், அங்கே காவல் வண்டி கூட வந்தால்தான் விடுவார்கள், அதற்கு இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். இப்படிப் பின்னாலேயே எண்ணிக்கொண்டு வந்தால் திருகோணமலையில் இருந்து கப்பல் ஆவணிக்குள் வெளிக்கிட வேண்டும் என்று வந்து நின்றது. மதுரைக்கு அப்பால் போயிராத நான் குவெட்டாவில் எங்கே டீசல் அடிப்பது என்பது வரை எழுதி வைத்தேன். நித்திரையிலும் எனக்கு அந்த வான் ஓடியது.

கப்பலும் கிடைத்தது, தூத்துக்குடிக்குப் போகிற சிறு சரக்குக் கப்பல்கள். தடங்கல் அங்கில்லை. நிலாவெளி வீட்டு விறாந்தையில் ஆணியில் தொங்கிய நாட்காட்டியில் இருந்தது.

நான் கப்பல் நாளைச் சொன்னதும் புவனா அக்கா எழுந்து போய் நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வருவார். முதல் கப்பல் வியாழன். கப்பல் இலங்கையைச் சுற்றத் தெற்கே திரும்ப வேண்டும், வியாழன் தெற்கே சூலம், வேண்டாம் என்றார். அடுத்தது ஞாயிறு. தூத்துக்குடி மேற்கே, ஞாயிறு மேற்கே சூலம். பிறகொன்று புதன்கிழமை. கப்பல் எப்படிப் போனாலும் வானுடைய பயணம் வடக்கு நோக்கித்தானே, புதன் வடக்கே சூலம் என்றார். சனி என்றேன். துறைமுக வாய் எந்தப் பக்கம் என்று என்னையே திருப்பிக் கேட்டார். கிழக்கே என்றேன். சனி கிழக்கே சூலம் என்று நாட்காட்டியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டார்.

நாலு திசைக்கும் ஓடுகிற பயணத்துக்கு வாரத்தில் ஒரு நாளும் அகப்படாது என்பது கணக்குத் தெரிந்த எவனுக்கும் விளங்கியிருக்கும். எனக்கும் விளங்கியது. ஆனால் நான் அதை நாட்காட்டியின் சிக்கல் என்று எண்ணினேனே தவிர, நாட்காட்டியைப் பிடித்திருந்த ஆளைப் பார்க்கவில்லை. தவராசா அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். அவர் ஒருமுறை பொறுமையிழந்து முணுமுணுத்தபோது அக்கா மெல்லத்தான் பதில் சொன்னார்.

"முதல்முறை உடுத்த உடுப்போடை ஓடினனாங்கள். நேரமும் பாக்கேல்லை, ஒருத்தருக்கும் சொல்லவும் இல்லை. இந்த முறையாவது பாத்துப் போவம்."

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

எனக்கு ஆவணி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பரஸ்தானம் நினைவுக்கு வந்தது. நல்ல நேரத்தில் ஆள் வெளிக்கிட முடியாவிட்டால், ஆளுடைய பொருள் ஒன்றை அந்த நேரத்தில் வீட்டை விட்டு எடுத்துப்போய் வேறோர் இடத்தில் வைத்துவிடுவார்கள். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நாளில் போனாலும் தோஷமில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கும் பத்தரைக்கும் இடையில் நல்ல நேரம் இருந்தது. நிலாவெளியில் இருந்து துறைமுகத்துக்குத் தெற்கே வரவேண்டும், திங்களில் தெற்கே சூலம் இல்லை. வான் திங்கள் காலை துறைமுகத்துக்குள் போகட்டும், புத்தகத்தில் முத்திரையும் அந்த நேரத்திலேயே விழட்டும், கப்பல் திங்கள் மாலை வந்து செவ்வாய் ஏற்றட்டும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்காவின் முகம் சட்டென்று விழுந்ததை நான் பார்த்தேன். களைப்பாக்கும் என்று எண்ணினேன். சிறிது நேரம் நாட்காட்டியைப் புரட்டிவிட்டு, சரி தம்பி என்றார்.

திங்கள் காலை வான் துறைமுக வாசலைக் கடந்தது. நான் புத்தகத்தையும் கப்பல் காகிதங்களையும் சுங்க அதிகாரியின் மேசையில் வைத்தேன். அந்தக் காகிதத்தில் வாகனம் ஏற்றப்பட்டது என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். கப்பல் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. ஓர் இரவு வித்தியாசம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதிகாரி என் முப்பது வருடத்தை நம்பினார், காகிதத்தை வாசித்துப் பார்க்காமலே குத்தினார். ஒன்பது நாற்பது. துண்டு கிழிந்து மத்தியானத் தபாலில் கொழும்புக்குப் போனது. நான் நிலாவெளிக்கு அழைத்து, நல்ல நேரத்தில் வெளிக்கிட்டாயிற்று என்று பெருமையோடு சொன்னேன். மறுமுனையில் அக்கா நன்றி மட்டும் சொன்னார்.

மாலை நாலு மணிக்குச் செய்தி வந்தது. கப்பல் கொழும்பில் இருந்தே வேறு சரக்கேற்றி வேறு திசைக்குப் போய்விட்டது. அடுத்த கப்பல் எப்போது என்று சொல்ல முடியாதாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் ஓடாமல் இருந்தது என் வாழ்நாளில் அன்றொரு நாள்தான். காகிதப்படி அந்த வான் இலங்கையில் இல்லை. இல்லாத வானைத் துறைமுக வாசலால் வெளியே எடுக்க ஏலாது. கப்பலில்லாமல் அந்தப் பக்கம் அனுப்பவும் ஏலாது. அது பாட்டுக்குப் படங்கு மூடிக் களஞ்சியத்தின் பக்கத்தில் நின்றது. அடுத்த நாள் அண்ணை தன் பிரஷர் குளிசையும் மூக்குக்கண்ணாடியும் செருப்பும் வானுக்குள் அகப்பட்டுவிட்டன என்று வந்து நின்றார். அவற்றைக்கூட எடுக்க விடவில்லை. அக்கா எதையும் கேட்டனுப்பவில்லை.

வேறு கந்தோரில் வேலை செய்த ஒரு கூட்டாளி, பேசாமல் இரு, அடுத்த கப்பலில் ஏற்றிவிடு, திகதியை எவர் பார்க்கப் போகிறார்கள் என்றான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. ஆனால் தூத்துக்குடிக்கு இரண்டு நாள் பயணம். மூன்று கிழமை கழித்து வான் அங்கே இறங்கினால், இத்தனை நாள் கடலில் என்ன செய்தது என்று முதல் பார்க்கிறவனே கேட்பான். பதில் சொல்ல நான் அங்கே இருக்கமாட்டேன். நிற்பவர் தவராசா அண்ணை. வானைப் பறித்து வைத்தால் அந்த மனிதனுக்குக் கனவும் போயிற்று, பனிக்கு முந்திய நாளும் போயிற்று. இரண்டு நாள் உட்துறைமுக வீதியில் மேலும் கீழும் நடந்தேன். வீதியில் மேய்கிற மான்களே என்னைக் கண்டு விலகத் தொடங்கின.

புதன் காலை புத்தகத்தோடு மிஸ்ஸிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வழக்கம்போல யன்னலோரம் நின்று கடைசித் தாளில் இருந்து புரட்டி வந்து, இலங்கைத் தாளில் நின்றார். புள்ளி வைப்பார் என்று பார்த்தேன். பென்சிலையே தொடவில்லை.

"இப்ப வாகனம் எந்த நாட்டிலை நிக்குது, நாதன்?"

"இஞ்சைதான், மிஸ்."

"புத்தகம் என்ன சொல்லுது?"

"போயிட்டுது எண்டு."

அவர் வந்து கதிரையில் இருந்தார். காகிதம் கையில் இருக்கும்போது அவர் இருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அப்ப புத்தகத்தைத் திருத்துவம். கடிதம் உங்கட பேரிலை எழுதுங்கோ. கப்பல் பிந்தினது எண்டு எழுத வேண்டாம். நான் முந்தினனான் எண்டு எழுதுங்கோ."

நாலு வரியில் எழுதினேன். முத்திரை குத்திய அதிகாரிக்கு ஒன்றும் வராமல் பழியை முழுவதும் என் தலையில் போட்டு எழுதினேன், அது உண்மையும்தான். அந்த வாரமே என் அனுமதி அட்டையை வாங்கி வைத்துவிட்டார்கள். மிச்ச ஏழு மாதமும் கந்தோருக்குள் மேசையில்தான். எனக்கு அது கொஞ்ச நஞ்சத் தண்டனை இல்லை. வெட்கமும் கோபமுமாக இருந்தது. கோபம் என்மேல்தான்.

விழுந்துவிட்ட போகும் முத்திரையை நீக்க வேண்டுமென்றால் வானைத் திரும்ப நாட்டுக்குள் எடுப்பது போல எல்லாம் செய்ய வேண்டும். எஞ்சின் இலக்கம், அடிச்சட்ட இலக்கம், உள்ளே இருக்கிற சாமான் ஒவ்வொன்றும். அட்டை பறிபோக முன் நான் துறைமுகத்துக்குள் கடைசியாகப் போனது அதற்குத்தான். மேலதிகாரி ஒருவர் வந்திருந்தார், அமைதியானவர். தவராசா அண்ணை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, நான் எழுதினேன். அடுப்பு ஒன்று. கேத்தில் ஒன்று. ஆண்கள் சேட்டு ஒன்பது. களிசான் ஐந்து. சவரப் பெட்டி, வானொலி, வரைபடக் கட்டு, மருந்துப் பை. முடிந்தது என்றார் அண்ணை.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். "ரெண்டு பேர் பயணம் எண்டு கிடக்கு. மற்ற ஆளின்ரை சாமான் எங்கை?"

அண்ணை திரும்பிப் படுக்கைக்கு மேலிருந்த சிறு அலுமாரியைத் திறந்தார். வெறுமை. கீழே இருந்த பெட்டியைத் திறந்தார். அதுவும் வெறுமை. வந்தபோது அதற்குள் அக்காவின் சேலைகள் இருந்தனவாம். ஒரு சீப்பு, ஒரு கைலேஞ்சிகூட இல்லை. பரஸ்தானத்துக்குப் பயணம் போகிற ஆளுடைய பொருள் போகவேண்டும் என்று நான்தானே விறாந்தையில் நின்று விளக்கினேன். அக்கா அதை நன்றாகவே கேட்டிருக்கிறார்.

அவ பிறகு வைப்பா என்று அண்ணை சொன்னார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் உண்மையைத்தான் எழுத வேண்டும், ஒரு பொய் எழுதிப் பட்டது போதும். "ஒருவருடைய பாவனைப் பொருட்கள்" என்று எழுதினேன். அண்ணை அதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகாவது நான் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த கப்பல் உறுதியானதும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. ராஜஸ்தானை வெட்டினேன், டில்லியில் மூன்று நாளை ஒன்றாக்கினேன், குவெட்டாவுக்கான இரண்டு நாளை மட்டும் தொடவில்லை. வான் பனி விழ முன் துருக்கியைத் தாண்டிவிட்டது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். திருத்திய அட்டவணைகளோடு மூன்று முறை நிலாவெளிக்குப் போனேன். மூன்று முறையும் அக்கா தங்கச்சியோடு வளவுக்குள் கத்தரிக் கன்றுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். நாட்காட்டி ஆணியில்தான் தொங்கியது, ஒருவரும் கழற்றவில்லை.

திங்கட்கிழமைக்குப் பத்தொன்பதாம் நாள் கப்பல் வந்தது. சனிக்கிழமை. எனக்கு உள்ளே போக அனுமதியில்லை, வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றேன். வேறொருவர் என் வேலையைச் செய்தார். வான் பாரந்தூக்கியில் ஏறிக் கப்பல் தட்டில் இறங்கிய பிறகுதான் முத்திரை விழுந்தது. சரக்குக் கப்பலில் ஆள் போக முடியாது. ஆட்கள் கட்டுநாயக்க விமான நிலையத்தால் மதுரைக்குப் பறந்து தூத்துக்குடியில் வானை எடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் பயணச்சீட்டு நான்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன்.

பின்னேரம் வாடகைக் கார் வாசலுக்கு வந்தது. முன்னால் அண்ணை, பின்னால் அக்கா. அண்ணை இறங்கி வந்து கடைசிக் காகிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்ப ஏறினார். அவர் ஏறக் கதவைத் திறந்துகொண்டு அக்கா இறங்கினார். கையில் ஒரு சிறு கைப்பை மட்டும். எங்கள் ஊரில் போகிறவர் "போட்டு வாறன்" என்பார், நிற்கிறவர் "போட்டு வாங்கோ" என்பார். எவர் எதைச் சொல்வது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா காரின் முன் யன்னலடிக்குப் போனார்.

"இஞ்சேருங்கோ. போட்டு வாங்கோ."

அண்ணை அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். கோபப்படவில்லை. வெறும் பெட்டியைத் திறந்த நாளில் இருந்தே அவர் இதை எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அவர் கேட்டது அக்காவிடம் அல்ல, என்னிடம்.

"நாதன், புத்தகத்திலை என்ரை பேர் மட்டும்தானே கிடக்கு?"

"ஓம் அண்ணை. உங்கட பேர் மட்டும்தான்."

"அப்ப ஒண்டும் திருத்தத் தேவையில்லை."

யன்னலால் கை நீட்டி அக்காவின் கையை ஒருதரம் பிடித்தார். கார் போய்விட்டது.

அக்காவை ஏற்றிவிட நானும் அவரோடு நிலாவெளி பஸ்ஸுக்கு நின்றேன். மூன்று மாதமாக அந்த வானைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டவன், பக்கத்துச் சீற்றில் இருந்து போகவேண்டிய ஆளிடம் போக விருப்பமா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

"நானும் வாய் திறந்து சொல்லேல்லைத்தானே, தம்பி," என்றார் அக்கா. "முப்பது வருசம் அந்தாளோடை இருந்திட்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. நீங்கள் விட்ட பிழையாலை பத்தொன்பது நாள் கிடைச்சது. அது இல்லாட்டி நானும் அந்தக் காரிலை இருந்திருப்பன்."